செங்கொடி அக்கா வாய் திறக்கவில்லை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வேறு யாராவது சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் ராயபுரம் தெருவில் குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் கன்னியம்மாவுக்குச் சேதி வந்துவிடும் என்று என் வீட்டுக்காரர் கஸ்பாரே கிண்டல் பண்ணுவார். ஹார்பரில் சரக்கு இழுக்கிற வின்ச் மெஷின் ஓட்டுகிற மனுஷன். நாளெல்லாம் அங்கே இரைச்சல், வீட்டுக்கு வந்தால் இங்கேயும் இரைச்சலா என்பார். நான் காசிமேட்டில் மீன்காரர் வீட்டில் பிறந்தவள். ஏலம் விடுகிற இடத்தில் மெதுவாகப் பேசிப் பழக யாருக்கு நேரம்? கல்யாணமாகி சர்ச்சுக்கு வந்தேன், ஞானஸ்நானமும் வாங்கினேன். குரல் மட்டும் மாறவில்லை.

ஆனால் இது என் கதை இல்லை, செங்கொடி அக்காவின் கதை. என் வாயால் அவள் பட்ட பாட்டைச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது. அதனால்தான் நானும் உள்ளே வருகிறேன்.

சர்ச்சுக்காரிக்குச் செங்கொடி என்று பேரா என்று புதிதாக வருகிற ஒவ்வொரு ஆயரும் ஒருதரம் கேட்பார். அக்காவின் அம்மாதான் சர்ச்சுக்காரி. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், யூனியன்காரர். ஸ்டிரைக் ஜெயித்த வாரத்தில் பிறந்த பிள்ளைக்கு இந்தப் பேர்தான் என்று ஒரே பிடிவாதம். வேதத்தில் இருக்கிற பேராக வைக்கக்கூடாதா என்றாராம் அன்றைய ஆயர். "அதுல கீற மொதலாளிங்க எல்லாம் கூலிய ஒயுங்கா குட்த்தாங்களா சாமி?" என்று கேட்டாராம் அப்பா. ஆயர் சிரித்துவிட்டு அதே பேருக்குத் தண்ணீர் தெளித்தாராம்.

நான் சொல்வது 2008ஆம் வருஷம். அக்காவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. புருஷன் செத்துப் பல வருஷம், பிள்ளை குட்டி இல்லை. டோல்கேட்டில் ஹுமாயூன் என்பவர் வைத்திருந்த ரத்தப் பரிசோதனை லேபில் கவுண்டரில் உட்கார்ந்து ரிப்போர்ட் கொடுக்கிற வேலை. பெரிய புண்ணியவதி என்று நினைத்துவிடாதீர்கள். காலையில் காபி குடிக்காமல் இருந்தால் எரிந்து விழுவாள். பிரசங்கம் பத்து நிமிஷம் தாண்டினால் தூங்கிவிடுவாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற நான்தான் இடித்து எழுப்ப வேண்டும்.

லேபில் மட்டும் அவள் வேறு ஆள். நல்ல ரிப்போர்ட்டோ கெட்ட ரிப்போர்ட்டோ, கவரை ஸ்டேப்ளர் அடித்து, உரியவர் கையில் மட்டும் கொடுத்து, "டாக்டராண்ட காட்டுங்க" என்பாள். எல்லாருக்கும் ஒரே முகம். ஏன்க்கா இப்படிக் கல்லு மாதிரி இருக்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெண்ணுக்கு நல்ல ரிப்போர்ட் வந்ததாம். சந்தோஷத்தில் அவளைப் பார்த்துச் சிரித்துக் கொடுத்தாளாம். வரிசையில் அடுத்து நின்ற பெண் அதைக் கவனித்திருக்கிறாள். அவள் முறை வந்தபோது அக்கா சிரிக்கவில்லை. கவரைப் பிரிக்காமலே அந்தப் பெண் மயக்கம் போட்டு விழுந்துவிட்டாளாம். "அன்னிக்கோட சரி. ஒருத்திக்கு சிரிச்சா இன்னொருத்திக்கு சேதி சொன்ன மாதிரி பூடுது" என்றாள் அக்கா.

அந்த வருஷம்தான் எங்கள் சபையில் ஜெபச் சங்கிலி ஆரம்பித்தது. புது ஆயரின் யோசனை. நல்ல யோசனைதான், அவரைக் குறை சொல்ல மாட்டேன். எல்லார் கையிலும் போன் வந்துவிட்டது. ரீசார்ஜ் கார்டு போட்டால் ஒரு நாளைக்கு நூறு மெசேஜ் இலவசம். ஒவ்வொரு பெண்ணுக்கும் நாலு நம்பர். யாருக்காவது கஷ்டமென்றால் அதை ஜெபக் குறிப்பாக நாலு பேருக்கு அனுப்ப வேண்டும், அவர்கள் ஆளுக்கு நாலு பேருக்கு அனுப்புவார்கள். ஒரு மணி நேரத்தில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் முழங்கால் போட்டு ஜெபிக்க வைத்துவிடலாம்.

இதில் ஒரு வசதி. மற்ற நாளில் புறணி என்று பேர் வாங்குகிற விஷயம், ஜெபக் குறிப்பு ஆகிவிட்டால் ஊழியம். சொல்கிறவளுக்கும் கூச்சம் இல்லை, கேட்கிறவளுக்கும் கூச்சம் இல்லை. அந்த ஊழியத்தில் நான் எப்பேர்ப்பட்ட ஆள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் சபைப் பெண் மதிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வெற்றி காலடிப்பேட்டைப் பையன், எண்ணூரில் ஒரு பவுண்டரியில் பிட்டர் வேலை. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு எங்கள் சர்ச்சுக் கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஆயர் சபைக்கு முன்னால் அறிவிப்பார். மூன்று ஓலையும் தடையில்லாமல் முடிந்தால்தான் தாலி. மதிக்கு இரண்டு ஓலை முடிந்திருந்தது.

அந்த வியாழக்கிழமை நான் ஷேர் ஆட்டோவில் டோல்கேட் வழியாகப் போனேன். சிக்னலில் வண்டி நின்றது. லேப் வாசலில் மதி நிற்கிறாள். கையில் பழுப்புக் கவர், தேம்பித் தேம்பி அழுகிறாள். எதிரில் செங்கொடி அக்கா, அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். யாருக்கும் முகம் மாற்றாத அக்காவே கவுண்டரை விட்டு வெளியே வந்து கையைப் பிடிக்கிறாள் என்றால், பெரிய விஷயமாகத்தான் இருக்க வேண்டும். ஆட்டோ கிளம்பிவிட்டது. இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. போனை எடுத்தேன்.

தமிழை இங்கிலீஷ் எழுத்தில் ஒவ்வொரு பொத்தானாக அமுக்கி அடித்தேன். "நம் சபை மகள் ம. கல்யாணப் பெண். ரத்த டெஸ்ட்டில் ஏதோ பிரச்சினை. மிகவும் அழுகிறாள். ஜெபிக்கவும். யாரிடமும் கேட்க வேண்டாம்." அனுப்பும்போது எனக்கும் கண்ணில் தண்ணீர். பாவம் அந்தப் பெண் என்று மனசாரத்தான் அனுப்பினேன். கடைசி வரியைக் கரிசனத்தில்தான் சேர்த்தேன். ஆனால் அதனால்தான் ஒருத்திகூட மதியிடம் போய் உண்மையா என்று கேட்கவில்லை.

மறுநாள் மத்தியானம் திருவொற்றியூரிலிருந்து எனக்கே ஒரு ஜெபக் குறிப்பு வந்தது. ராயபுரம் பக்கம் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு எய்ட்ஸ், மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைக்கிறார்கள், அந்த வாலிபன் காப்பாற்றப்பட ஜெபியுங்கள் என்று. படித்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஐயோ, நான் நினைத்தது சரிதான் என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டேன். என் மெசேஜ்தான் சுற்றிவிட்டு என்னிடமே வந்திருக்கிறது என்று எனக்கு உறைக்கவே இல்லை. முழங்கால் போட்டு அழுது ஜெபம் பண்ணினேன். இதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும்.

சாயங்காலம் மதியின் அம்மா வாசலில் வந்து நின்றாள். முகமெல்லாம் வீங்கியிருந்தது. "வெற்றி வூட்ல இருந்து போன் பண்ணிட்டாங்க கன்னிம்மா. ஞாயித்துக்கெயமை ஓல வாசிக்க வேணாமாம். இன்னாமோ மெசேஜாம். அவங்க சொந்தக்காரப் பையன் கம்ப்யூட்டர்ல வெற்றியோட ஆர்க்குட் பக்கத்துல எழுதி வச்சிக்கிறானாம், ஊரே பட்ச்சிக்கினு கீதாம். எம் பொண்ணு சோறு துன்னல." அப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "எல்லாம் அந்தச் செங்கொடி வேல. ரிப்போர்ட்ட பாத்தவ அவ ஒருத்திதானே? லேபுக்குப் போயி நாக்கப் புடுங்கிக்கற மாதிரி கேட்டுட்டு வந்தேன். ஓனரு அவள வூட்ல ஒக்காரச் சொல்லிட்டாரு."

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மணிக்கணக்காகப் பேசுகிற இந்த வாய், அன்றைக்கு, "அப்படியா, ஐயோ" என்று இரண்டு வார்த்தை பேசி மூடிக்கொண்டது. பழி அக்கா தலையில் விழுந்ததும் எனக்குள்ளே ஒரு மூலையில் நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்துத்தான் நான் இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

சனிக்கிழமை காலையில் கஸ்பாரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் திட்டவில்லை. "செருப்பப் போடு, செங்கொடி வூட்டுக்குப் போ" என்றார். அவ்வளவுதான்.

தண்டையார்பேட்டையில் ஒரே அறை வீடு அவளுக்கு. நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டேன். "அக்கா, அந்த மெசேஜ் நான் வுட்டது. உன்ன நான்தான் மாட்டிவுட்டேன்."

அவள் கை நின்றுவிட்டது. "நீயாடி?" என்றாள். கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். "நீ இன்னா பாத்த?"

"மதி அழுதத பாத்தேன். நீ கையப் புடிச்சத பாத்தேன்."

"ரிப்போர்ட்ட பாத்தியா?"

"இல்லக்கா."

"அப்போ டெஸ்ட்ல பிரச்சினன்னு எங்க இருந்து வந்துது?"

அதை விட்டுவிட்டு, வந்த வேலையைச் சொன்னேன். "அக்கா, நாளைக்கு மூணாவது ஓல. நீ ஒரே ஒரு வார்த்த சொல்லிட்டா போதும். அந்த ரிப்போர்ட்ல ஒண்ணுமில்லன்னு. உனக்கும் வேல திரும்பக் கெடச்சிடும், அந்தப் பொண்ணுக்கும் கல்யாணம் நடக்கும்."

"சொல்ல மாட்டேன்."

"ஏன், இருந்தாதானே மறைக்கணும்?"

"பாத்தியா, இப்பவே ஆரம்பிச்சிட்ட" என்றாள். "இன்னிக்கு மதிக்கு ஒண்ணுமில்லன்னு நான் வாயத் தொறந்தா, நாளைக்கு வேற ஒருத்திக்காக என்னாண்ட வந்து கேப்பீங்க. அப்ப நான் வாய மூடினா, மூடினதே பதிலா பூடும். அவ எங்க போவா? அவளுக்கும் சேத்துதான் நான் இப்ப கம்முனு கீறேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "உன் சட்டத்தத் தூக்கிக் குப்பையில போடுக்கா! ஒரு பொண்ணு வாழ்க்க நாசமாவுது, நீ நீதி பேசிக்கினு கீற!" என்று கத்தினேன். தப்புப் பண்ணினவள் நான், கத்துவதும் நான். அக்கா திருப்பிக் கத்தவில்லை. மீன் கையைப் புடவையில் துடைத்தாள், அப்படியே அழ ஆரம்பித்தாள். இத்தனை வருஷத்தில் நான் அவள் அழுது பார்த்ததில்லை.

"எம்மேலயும் தப்பு கீதுடி. நடு ரோட்டுல நின்னு அந்தப் புள்ள கையப் புடிச்சேனே. உள்ள இட்டுனு போயி புடிச்சிருக்கலாம். தேம்பிச்சுது, மனசு கேக்கல."

அவள் பக்கத்தில் உட்கார்ந்து மிச்ச நெத்திலியை ஆய்ந்தேன். ஒரு வேலையும் இல்லாமல் உட்கார என்னால் முடியவில்லை.

முகம் கழுவிக்கொண்டு வந்து அக்காதான் சொன்னாள். "எய்ந்துரு. நீ மெசேஜ் அனுப்ச்ச வழியில நடந்தே போவலாம்."

"மொதல்ல லேபுக்குப் போயி ஓனராண்ட சொல்லிடறேன்க்கா."

"என் வேல திங்கக்கெயமை பாத்துக்கலாம். மொதல்ல பொண்ணு."

என்னுடைய நாலு நம்பரில் ஆரம்பித்தோம். போனில் பேசக்கூடாது, மெசேஜும் கூடாது, வீட்டுக்குள் போய் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றாள். உள்ளே போனது நான் மட்டும்தான். அக்கா ஒவ்வொரு வீட்டிலும் தெருவிலேயே வெயிலில் நின்றாள். கூட வந்தால், என்னை விட்டுவிட்டு அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள், அதில் எதையாவது படிப்பார்கள் என்று பயம். ஒரு வீட்டில் மோர் கொடுத்தனுப்பினார்கள். அதைக்கூட முதுகைத் திருப்பிக்கொண்டு குடித்தாள்.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரே பேச்சுதான் எனக்கு. "நான் பாத்தது ஒரு பொண்ணு அழுதத மட்டும்தான். மத்தது நான் சேத்தது. நீ யாருக்கு அனுப்ச்ச?" சிலர் அழுதார்கள். ஒருத்தி என்னைத் திட்டிக் கதவைச் சாத்தினாள். மோகனப்ரியா, நர்சரி ஸ்கூல் டீச்சர், என் நாலில் ஒருத்தி, 'பெரிய பிரச்சினை' என்று தான் மாற்றியதை ஒத்துக்கொண்டாள். சும்மா பிரச்சினை என்றால் யாரும் அக்கறையாக ஜெபிக்க மாட்டார்கள் என்று நினைத்தாளாம். எய்ட்ஸ் என்று முதலில் போட்டது யார் என்று கடைசிவரை தெரியவே இல்லை. பதினோரு வீடு ஏறினேன். அதற்கு மேல் சேதி எங்கெங்கே போனது என்று அந்த ஆண்டவருக்குத்தான் தெரியும்.

மூன்று மணிக்குக் காலடிப்பேட்டை. வெற்றியும் அவன் அம்மாவும் வீட்டில் இருந்தார்கள். அவன் அப்போதுதான் பிரவுசிங் சென்டருக்குப் போய் ஆர்க்குட்டில் இருந்ததை அழித்துவிட்டு வந்திருந்தான். அதற்குள் எத்தனை பேர் படித்தார்களோ. அதை எந்த வீடு ஏறிச் சரிபண்ணுவது? நான் நின்றபடியே என் பேச்சைச் சொல்லி முடித்தேன்.

அந்த அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தாள். "வெளிய நிக்கறது அந்த லேப் அம்மாதானே? உள்ள வரச் சொல்லு."

அக்கா வாசல்படிவரைக்கும் வந்தாள்.

"நீதான் அந்த ரிப்போர்ட்ட பாத்தவ. எனக்கு ஒரே புள்ள. பெத்தவளா கேக்கறேன். சொல்லு."

அக்கா அந்த அம்மாவின் முகத்தையே பார்த்தாள். "உன் வவுத்தெரிச்சல் எனக்குப் புரியாதாம்மா? ஆனா என்னாண்ட கேக்காத. நாளைக்கு உன் ரிப்போர்ட்ட எவளாச்சும் வந்து கேட்டாலும் எம் பதில் இதான். மதிக்கு வாய் கீது. உம்புள்ள நேர்ல போயி கேக்கட்டும். கட்டிக்கப் போறவங்க, அவங்க பேசிக்கட்டும்."

அந்த அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வெற்றி சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். மோட்டார் பைக் சத்தம் தெருமுனைவரை கேட்டது.

அவ்வளவுதான் நாங்கள் செய்ய முடிந்தது. பஸ்ஸுக்கு நிற்கும்போது, "நடக்குமாக்கா?" என்று கேட்டேன். "தெர்ல" என்றாள். "நடக்காட்டி?" என்றேன். "நடக்காட்டி நீயும் நானும் அந்தப் புள்ள கூட ஒக்காந்து அழணும். அதுக்கும் ரெடியா இரு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எனக்குப் பாட்டும் ஓடவில்லை, ஜெபமும் ஓடவில்லை. மதி அம்மாவோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள், தலையில் முக்காடு. ஆராதனை தொடங்கின பிறகு வெற்றியும் அவன் அம்மாவும் உள்ளே வந்தார்கள். எங்கே உட்காரப் போகிறார்கள் என்று சபை மொத்தமும் பார்த்தது. நேராகப் போய் மதி வரிசையிலேயே உட்கார்ந்தார்கள். அறிவிப்பு நேரம். ஆயர் மதி பேரையும் வெற்றி பேரையும் சொல்லி மூன்றாவது ஓலை என்று வாசித்தார். முந்தின ராத்திரியே வெற்றி போய் வாசிக்கச் சொல்லியிருந்தானாம். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று நிறுத்தினார்.

ஒருத்தரும் தடை சொல்லவில்லை. எனக்கு மட்டும் உள்ளே கொதித்தது. எழுந்து நின்று, அந்த மெசேஜ் என்னுடையது, எல்லாம் என் தப்பு என்று சபை முழுக்கக் கேட்கக் கத்திவிட வேண்டும் போலிருந்தது. பாதி எழுந்தும் விட்டேன். அக்கா என் முழங்காலை அழுத்தினாள். "ஒக்காரு" என்று காதோடு சொன்னாள். "இது அவ நேரம். இதுலயும் நீ பூந்துக்காத." உட்கார்ந்தேன். ஆயர் அடுத்த அறிவிப்புக்குப் போனார். முன்வரிசையில் மதியின் தோள் குலுங்கியது.

திங்கட்கிழமை ஹுமாயூன் பாயிடம் போய்ச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்க பேச்ச நம்பல, செங்கொடியம்மா மூணு நாளா ஒரு வார்த்த தன் பக்கம் பேசல, அதான் நம்பறேன்" என்றார். அன்றைக்கே ஆள் அனுப்பி அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டார். மதியின் அம்மா அக்காவின் காலில் விழப்போய், அக்கா அவளைத் திட்டி எழுப்பி, இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதது தனிக்கதை.

கல்யாணம் நடந்தது. ஒரு மாதம் கழித்து மதி என்னை மட்டும் காலடிப்பேட்டை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டாள். இலையில் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, எதிரில் உட்கார்ந்தாள்.

"ஆன்ட்டி, உங்க மேல கோவம் போச்சு. ஒண்ணே ஒண்ணு கேக்கட்டா?"

"கேளும்மா."

"அந்த வாரம் எனக்காக எத்தினி பேரு ஜெபம் பண்ணாங்க?"

"நூறு பேருக்கு மேல இருக்கும்."

"அந்த நூறு பேர்ல ஒருத்தர்கூட வூட்டுக்கு வந்து, ஏம்மா அழுதன்னு என்ன கேக்கல. செங்கொடி ஆன்ட்டி மட்டும்தான் கேட்டாங்க."

சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டு, வெட்கத்தோடு கேட்டேன். "ஏம்மா அழுத?"

அவள் சொன்னாள். சாப்பாடு ஆறிப்போகிறவரைக்கும் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்து கோயில் வாசலில் நானும் அக்காவும் நின்றிருந்தோம். சுற்றி யாருமில்லை. எனக்கு வாய் குறுகுறுவென்றது. அக்காவுக்குத் தெரியாத விஷயமா? முதலில் தெரிந்தவளே அவள்தானே? அவளிடம் பேசினால் என்ன தப்பு? அவள் என்னைப் பார்த்தாள். "மதி வூட்டுக்குப் போனியாமே. இன்னா சமைச்சா?"

"மாங்கா போட்டு வஞ்சிரம் கொழம்புக்கா" என்றேன்.

"புளி கரெக்டா இருந்துதா?"

"கொஞ்சம் தூக்கலா இருந்துது."

பஸ் வருகிறவரைக்கும், அரை மணி நேரம், அந்தக் குழம்பைப் பற்றியே பேசினோம். என் ஆயுசில் நான் அவ்வளவு கஷ்டப்பட்டுப் பேசின பேச்சு வேறு இல்லை.